கயிறு அழித்த படம்

மதியம் பன்னிரண்டு மணி. தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளங்களுக்கு நடுவே போகிற ரோடு. ஈ காக்கா கிடையாது... பேய் இருட்டில்தான் வரும் என்று உங்களுக்கு யார் சொன்னது? கரண்ட் வர இன்னும் நேரமாகும். நெருங்கி உட்காருங்கள்.

இது என் சிநேகிதன் ஜீவமணியின் சித்தப்பா மகன் கிங்ஸ்டனுக்கு நடந்தது. அந்த ரோட்டின் கடைசி வீட்டில் தனியாக உட்கார்ந்து சினிமாவுக்கு கிராபிக்ஸ் வேலை செய்கிறவன். சென்னைக் கம்பெனி ஹார்டு டிஸ்கில் படத்தை அனுப்பும். நாம் பார்க்கிற வீடியோ மாதிரி இல்லை. ஈ.எக்ஸ்.ஆர். என்று ஒரு வகை ஃபைல். விநாடிக்கு இருபத்து நான்கு படம், ஒவ்வொன்றும் தனித்தனி ஃபைல், வரிசையாக நம்பர் போட்டு.

அன்று அவனிடம் இருந்தது இரண்டே விநாடி. நாற்பத்தெட்டு ஃபைல். ஹீரோ முத்துக் குளிக்கக் கடலுக்குள் இறங்குகிறான். ஹீரோ எங்கே இறங்கினான்? டூப் போட்டது கிங்ஸ்டனின் அக்கா பிளாரன்ஸின் புருஷன் ஹென்றி. சங்கு குளிக்கிற ஆள். அவர் இடுப்பில் கட்டியிருந்த கயிற்றை அழிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

குளிக்கிறவனின் கயிற்றை மச்சினன்தான் பிடிக்க வேண்டும் என்பது அந்தக் கரையில் பழைய வழக்கம். கூடப் பிறந்தவள் தாலியை எவனும் அறுக்க மாட்டான், இல்லையா? அன்று காலையில் சங்கு குளிக்கக் கிளம்பும்போதும் ஹென்றி கூப்பிட்டிருக்கிறார்.

"மாப்ள, ஒரு நாளாவது வந்து கயித்தப் பிடியேம்ல."

"வேல கிடக்கு அத்தான்" என்று சொல்லிவிட்டான் இவன்.

நாற்பத்தெட்டாவது படத்திலும் கயிற்றை அழித்து சேவ் பண்ணினான். ஃபேன் நின்றது... கரண்ட் போகவில்லை, கம்ப்யூட்டர் ஓடுகிறது. பூட்டிய அறைக்குள் அழுகிய சிப்பி வாடை. எங்கோ சொட்டு... சொட்டு... என்று தண்ணீர். போன் அடித்தது. பிளாரன்ஸ்.

"ஏலே கிங்ஸ்டா! கயிறும் காத்துக் குழாயும் மட்டும் தனியா மேல வந்துட்டாம்ல! அத்தானக் காணலயாம்!"

திரையைப் பார்த்தான். அவன் அழித்தது கயிற்றை மட்டும்தான். ஆனால் ஆள் முன்பு இருந்த இடத்தில் இல்லை. ஒவ்வொரு ஃபைலிலும் இன்னும் கீழே... இன்னும் கீழே. கடைசிப் பத்துப் படத்தில் வெறும் நிழல்.

பழைய படத்தை எடுக்கலாம் என்றால், அவசரத்தில் அதன் மேலேயே சேவ் பண்ணித் தொலைத்திருக்கிறான். புத்தி கெட்ட வேலை. அழுதுகொண்டே கயிற்றைத் திரும்ப வரைய ஆரம்பித்தான். ஒரு படம்... இரண்டு படம்... மவுஸ் ஈரமாகிக் கை வழுக்குகிறது. கடைசிப் படங்களில் நிழல் ஒன்றுதான் தெரிந்தது. அதன் இடுப்பில் கட்டினான். நாற்பத்தெட்டும் முடிந்தபோது மணி பன்னிரண்டு ஐம்பது.

திரும்பவும் போன்.

"மாதாவே! மேல வந்துட்டாருலே! உசுரோட வந்துட்டாரு!"

முக்கால் மணி நேரம். காற்றில்லாமல். அதை யாரும் கேட்கவில்லை. மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள்.

மூன்றாம் நாள் கிங்ஸ்டன் அந்தக் கடைசி ஃபைலைத் திறந்தான். சும்மா இருந்திருக்கலாம். அந்த வகை ஃபைலில் ஒரு விசேஷம்... நமக்கு வெறும் கறுப்பாகத் தெரிகிற இடத்திலும் கேமரா பார்த்தது உள்ளே கிடக்கும். வெளிச்சத்தைக் கூட்டினால் வெளியே வரும். கூட்டினான்.

நிழல் ஒன்று இல்லை. இரண்டு.

அடியில், மணலில், முகத்தை மேலே தூக்கிக் கையை நீட்டிக்கொண்டு ஹென்றி. அவர் இடுப்பில் ஒன்றுமே இல்லை. இவன் வரைந்த கயிறு, அவருக்கு மேலே நின்ற இன்னொன்றின் இடுப்பில்.

அக்காவுக்கு போன் போட்டான். "அத்தான் எப்படி இருக்காருக்கா?"

"நல்லாத்தாம்ல இருக்காரு. ராத்திரிதான் உறங்க மாட்டேங்காரு. இடுப்பத் தடவிக்கிட்டே, 'கயித்த அவுத்து விடு... அவுத்து விடு'ன்னு எங்கிட்ட கெஞ்சுதாரு."

குரலைத் தாழ்த்தினாள்.

"அங்கன கயிறே இல்லலே."