முப்பத்தேழாம் பக்கம்

கணினி மெதுவாக இயங்கினால் ஓடும் நிரல்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்து, ஒவ்வொரு முறையும் நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். மாலை வகுப்பில் எனக்குப் பிடித்த பாடம் அதுதான்.

2007 அக்டோபர். பபேடான் பேட்டையில் எங்கள் மேல்மாடியில் குடியிருந்த ஆபித் காக்கா கூப்பிட்டார். "ஷிரின், இந்தப் பொட்டி தொறக்குறதுக்குள்ள ரெண்டு டீ குடிச்சிடலாம். ஒன் ஸயா சொல்லிக் குடுத்த வித்தையக் காட்டு புள்ள."

"அவ நோட்டுல எழுதி முடிக்கிறதுக்குள்ள நாலு டீ குடிச்சிடலாம்" என்றார் அவர் மனைவி லத்தீபா லாத்தா.

ஸயா எங்கள் ஆசிரியர். நோட்டுக்குப் பக்க எண் அவரே போட்டுத் தருவார், சனிக்கிழமைதோறும் கையெழுத்திடுவார். ஒரு தாளும் கிழியக்கூடாது.

திறக்க நான்கு நிமிடம் பத்து விநாடி. வைரஸை நீக்கினேன், மூன்று ஐம்பது. வன்தட்டில் இடமே இல்லை. 'கல்யாணம்' என்றொரு கோப்புறை அடைத்துக்கொண்டிருந்தது. திறந்தேன். மணப்பெண் இல்லை. போன மாதம் ராணுவ ஆட்சியை எதிர்த்து மழையில் ஊர்வலம் போன பிக்குகள்; எங்கள் தெருமுனையில் லாரியிலிருந்து குதிக்கும் சிப்பாய்கள். ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு படங்கள். சரியாகத்தான் எண்ணினேனா என்று மறுபடியும் எண்ணினேன்.

பழக்கத்தில் முப்பத்தேழாம் பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிவிட்டேன்: யார் வீடு, என்ன படம், எத்தனை. மைப் பேனாவால். அதன் பிறகுதான், இந்தப் படங்கள் வைத்திருந்தாலே சிறை என்பதும் தாளைக் கிழிக்க முடியாது என்பதும் உறைத்தன.

"கல்யாணப் படந்தான் நெறஞ்சிருக்கு காக்கா" என்றேன்.

அவர் சிரிப்பு நின்றது. "அத அப்படியே விட்ரு புள்ள."

நோட்டைப் பற்றி அவரிடம் சொல்லியிருக்கலாம். பயந்துவிடுவாரே என்று சொல்லவில்லை.

சனிக்கிழமைக்கு இரண்டு நாள் இருந்தது. ஸயா படிப்பார். யாரிடமாவது சொல்வார். தெரிந்தும் மறைத்தவள் என்று என்னையும் தேடி வருவார்கள். வெள்ளிக்கிழமை காலை பேட்டையின் அரசாங்க அலுவலகத்துக்குப் போனேன். வீட்டில் விருந்தாளி தங்கினால் பெயர் எழுதிக் கொடுக்கும் அதே இடந்தான். நோட்டைக் காட்டினேன். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்கள்; படித்துவிட்டு நோட்டைத் திருப்பித் தந்தார்கள்.

மதியமே காக்காவைப் பிடித்துப்போக வந்தார்கள். படியிறங்கும்போது காக்கா எங்கள் வாசலில் என்னைப் பார்த்தார். "லாத்தாவப் பாத்துக்க, ஷிரின்."

பார்த்துக்கொள்கிறேன். மூன்று வருடமாக வெள்ளிதோறும் சோறு கொண்டுபோகிறேன். "யாரு புள்ள சொல்லியிருப்பா?" என்று லாத்தா கேட்கிறார். தெரியாது என்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை ஸயா யாருடனோ பேசிக்கொண்டே முப்பத்தேழாம் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். குனிந்துகூடப் பார்க்கவில்லை என்று அருகில் உட்கார்ந்திருந்தவள் சொன்னாள். ஆனால் படித்திருப்பார். அவர் வேகமாகப் படிக்கக்கூடியவர்.