கோவிந்தாபுரத்தில் ஒரு கடல்

ஷரீஃபா: அசையாதீங்க மச்சான்! கைய அப்படியே வெச்சுக்கங்க!

நூர்தீன்: வெச்சுட்டுத்தான் இருக்கறேன். தோள்பட்டை வரைக்கும் தண்ணிக்குள்ள... சட்டையெல்லாம் உப்பு.

ஷரீஃபா: சட்டை கெடக்கட்டும். அந்தப் பெரிய கல்லை உட்டீங்கன்னா, அடியில மாட்டுனவன் சட்டினியாயிருவான்.

நூர்தீன்: அவன் இன்னும் உசுரோட...

ஷரீஃபா: வாயக் கழுவுங்க!

நூர்தீன்: இந்தத் தண்ணியிலயா?

ஷரீஃபா: சிரிப்பு வேற வருதாக்கும்! பொள்ளாச்சி பஸ்ஸு வர்ற நேரமாச்சு. அண்ணன் எறங்குனா நேரா இந்த மீன் தொட்டிகிட்டத்தான் வந்து நிக்கும்.

நூர்தீன்: பெருநாளுக்கு இன்னும் நாளிருக்குதே. மொய்தீன் மச்சான் பம்பாயிலிருந்து அதுக்குள்ள எதுக்கு வர்றாரு?

ஷரீஃபா: வெள்ளிக்கெழமை என்னைய பொண்ணு பாக்க உடுமலைக்காரங்க வர்றாங்கல்ல. அதுக்குத்தான்.

நூர்தீன்: கை வலிக்குது.

ஷரீஃபா: சித்த பொறுங்க. சின்னக் கல்லை எல்லாம் ஒண்ணொண்ணா எடுத்துடறேன். அப்பறம் பெருசைத் தூக்கலாம்.

நூர்தீன்: நேத்து நான் லாரியில கடல் தண்ணி கொண்டாந்து எறக்கி வெச்சப்ப கோட்டை மாதிரி நின்னுச்சே. எப்புடி உழுந்துச்சு?

ஷரீஃபா: தெரியல. காலையில அம்மா தொழுதுட்டு எந்திரிக்கறாங்க, 'தொம்'முன்னு ஒரு சத்தம். ஓடியாந்து பாத்தா தண்ணி பால் கணக்கா கலங்கிக் கெடக்குது. பட்டை போட்ட ரெண்டு மீனுல பட்டைக்காரி மட்டும் மூலையில ஒதுங்கி நிக்கறா. பட்டைக்காரனைக் காணோம்.

நூர்தீன்: ரெண்டும் இருந்தாத்தான் அண்ணன்கிட்டக் கட்டுன பந்தயத்துல செயிப்பியா?

ஷரீஃபா: பின்ன? 'நான் திரும்பி வர்றப்ப ரெண்டு மீனும் உசுரோட இருந்தா உன் நிக்கா விசயம் உன் இஷ்டம். ஒண்ணு செத்தாலும் நான் சொல்ற எடத்துக்குத் தலையாட்டணும், தொட்டிய அரிசி கொட்டி வெக்கக் குடுத்துரணும்.' அண்ணன் பஸ் ஏறும்போது சொல்லிட்டுப் போன பேச்சு இது. அம்மாளும் கேட்டுட்டுத்தான் இருந்தாங்க.

நூர்தீன்: நீயும் சரின்னுட்டியே... ரெண்டு தடவை செத்த பொறகும்!

ஷரீஃபா: மொதத் தடவை இரும்புச் சட்டம் துருப்பிடிச்சுச் செத்துச்சு. அடுத்தது பாறைய ஒட்ட வெச்ச சிமெண்டு. இந்தத் தடவை இரும்பும் இல்ல, சிமெண்டும் இல்ல. வெறும் கல்லு மேல கல்லு. நிக்க வெச்சுட்டா செயிச்சேன்.

நூர்தீன்: நிக்கலையே!

ஷரீஃபா: நீங்க எந்தப் பக்கம் மச்சான்?

நூர்தீன்: இப்ப தொட்டிக்கு உள்ள, பாதி ஒடம்போட.

ஷரீஃபா: ஒசக்கத் தூக்குங்க... மெதுவா... இன்னுங் கொஞ்சம்... நில்லுங்க! கைய உட்டுப் பாக்கறேன்.

நூர்தீன்: சீக்கிரம்...

ஷரீஃபா: வழுவழுன்னு ஏதோ... ஐயோ! ஐயோ அம்மா! கடிச்சிருச்சு!

நூர்தீன்: கடிச்சிருச்சா? அந்த வெரல் நீளத்து மீனு உன்னையக் கடிச்சிருச்சா?

ஷரீஃபா: மீனில்ல! நண்டு! இத்தாம் பெரிய நண்டு! இங்க பாருங்க, வெரலை உடமாட்டீங்குது!

நூர்தீன்: உதறாத! கல்லை வெச்சுட்டு வரட்டுமா?

ஷரீஃபா: வெச்சீங்கன்னா கொன்னுடுவேன்! புடிச்சுக்கங்க... ம்... உட்டுருச்சு. அந்த வாளிக்குள்ள போடறேன். ஏன் மச்சான், இது எங்கிருந்து வந்துச்சு?

நூர்தீன்: பேப்பூர் கடக்கரையில தீவுக்காரங்க ஓடத்துல கொண்டாற பவளக்கல்லுதானே இதெல்லாம். அந்தப் பொந்துக்குள்ள ஒளிஞ்சு வந்திருக்கும். டிக்கெட்டு எடுக்காம.

ஷரீஃபா: அப்ப இதுதான்! பாருங்க, கல்லுக்கு அடியில மணலெல்லாம் தோண்டிப் பள்ளம் பண்ணி வெச்சிருக்குது. மணல் மேல கல்லை வெச்சேன், இவன் அடியப் பறிச்சுட்டான்.

நூர்தீன்: ஷரீஃபா... கல்லு வழுக்குது.

ஷரீஃபா: இதோ... ஒரு பொந்து தெரியுது... மச்சான்!

நூர்தீன்: என்ன? சொல்லு!

ஷரீஃபா: இருக்கறான்! நீங்க தூக்கிட்டிருக்கற கல்லுக்குள்ளயேதான்! வாயத் தொறந்து தொறந்து மூடறான்!

நூர்தீன்: உசுரோடவா?

ஷரீஃபா: செத்தவன் வாயத் தொறப்பானா? மெதுவா இந்தப் பக்கம் சாய்ச்சு வெய்ங்க. அவனைத் தொட வேண்டாம். பயந்து கெடக்கறான், தானா வரட்டும்.

நூர்தீன்: அல்ஹம்துலில்லாஹ்! என் தோள்பட்டை போச்சு, ஆனா பரவால்ல.

ஷரீஃபா: உக்காராதீங்க! இப்பத்தான் வேலையே இருக்குது. மொத்தத்தையும் திரும்பக் கட்டணும்.

நூர்தீன்: பஸ்ஸு வர்றதுக்குள்ளயா? நாலு கல்லைச் சும்மா சாய்ச்சு வெப்பம். பந்தயம் மீனுக்குத்தானே, பாறைக்கு இல்லயே.

ஷரீஃபா: சாய்ச்சு வெச்சா ராத்திரி திரும்ப உழுவும். நாளைக்கு உசுரு போனாலும் அவன் போனவந்தானே? அந்தச் சைக்கிள் டியூப்பை எடுங்க. கத்தரியும்.

நூர்தீன்: டியூப்பா? எதுக்கு?

ஷரீஃபா: மணலை ஒதுக்கிட்டு கல்லை நேரா அடிக் கண்ணாடி மேல வெக்கப் போறேன். அடியில ரப்பர் துண்டு போட்டாக் கண்ணாடி விரியாது. நான் கண்ணாடிக் கடைக்காரர் மகளாக்கும்.

நூர்தீன்: சரிங்க, கண்ணாடிக் கடைக்காரர் மகளே. இந்த நெட்டைக் கல்லை அந்த மூலையில நிறுத்தி, அப்படியே கண்ணாடி மேல சாய்ச்சுட்டா... ஆனமலை மாதிரி இருக்கும்!

ஷரீஃபா: கண்ணாடி மேல சாயக் கூடாது. பின்னாடி தண்ணி ஓடணும். ஓடலைன்னா அழுக்கு அங்கயே தங்கி நாறும்.

நூர்தீன்: அப்ப நடுவுல?

ஷரீஃபா: நடுவுல. அடுப்புக்கு வெக்கற மாதிரி மூணு கல்லு. அது மேல இந்தப் பலகைக் கல்லு. ஆட்டிப் பாருங்க.

நூர்தீன்: ஆடுது.

ஷரீஃபா: எந்தப் பக்கம்?

நூர்தீன்: பொள்ளாச்சிப் பக்கம்.

ஷரீஃபா: மச்சான்!

நூர்தீன்: சரி சரி... வலது பக்கம். நெம்ப இல்ல, லேசா.

ஷரீஃபா: திருப்பி வெக்கறேன். கல்லு தானா ஒரு எடத்துல போயி உக்காரும். அதுவரைக்கும் திருப்பிட்டே இருக்கணும்... இப்ப?

நூர்தீன்: இன்னும்...

ஷரீஃபா: இப்ப?

நூர்தீன்: ...ஆடல! கொறடு போட்டுப் புடிச்ச மாதிரி நிக்குது!

ஷரீஃபா: நல்லா அமுக்குங்க.

நூர்தீன்: அமுக்கறேன். ஆனை ஏறி நின்னாலும் அசையாது.

ஷரீஃபா: அப்ப அந்தப் பொந்துக் கல்லை, பட்டைக்காரனோட சேத்து, மேல ஏத்துங்க. வாசல் இந்தப் பக்கம் பாக்கட்டும். பட்டைக்காரி அவனைத் தேடிட்டே நிக்கறா பாருங்க.

நூர்தீன்: ஒண்ணு கேக்கட்டுமா?

ஷரீஃபா: கேளுங்க. கைய எடுக்காம கேளுங்க.

நூர்தீன்: செயிச்சா என்ன பண்ணுவ?

ஷரீஃபா: மொத நிக்காவுக்கு எங்கிட்ட ஒரு வார்த்தை யாருங் கேக்கல மச்சான். அவரு நல்லவருதான், கொறை சொல்ல மாட்டேன். மெட்ராஸ் பொருட்காட்சிக்குக் கூட்டிட்டுப் போயி, மொதமொத கடல் மீனைத் தொட்டியில காட்டுனவரு அவருதான். லாரி கவுந்து அவரு போயிட்டாரு... இங்க வந்து சுவத்தைப் பாத்தே உக்காந்திருந்தேன். இப்பவும் யாரோ பேசி யாரோ முடிக்கறாங்க. ஒரு தடவையாவது என் வாயால சொல்லணும். வேணும்னோ, வேண்டாம்னோ.

நூர்தீன்: ம்.

ஷரீஃபா: 'ம்'முன்னா?

நூர்தீன்: கல்லு உக்காந்துருச்சுன்னு சொன்னேன்.

மொய்தீன்: ஷரீஃபா! அம்மா! யாரு ஊட்டுல? கதவெல்லாம் தொறந்து கெடக்குது!

ஷரீஃபா: வந்துருச்சு! மச்சான், கைய எடுங்க... மெதுவா... வாங்கண்ணா! ரயில்ல தூங்குனீங்களா?

மொய்தீன்: எங்க தூங்கறது? பெட்டி பூரா கண்ணாடி, ஒடஞ்சிருமோன்னு மடியிலயே வெச்சுட்டு வந்தேன். அட, நூர்தீனும் இருக்கறானா! என்னடா, மழையில நனைஞ்ச கோழி மாதிரி நிக்கற?

நூர்தீன்: சும்மா... தண்ணி மாத்தினோமுங்க மச்சான்.

மொய்தீன்: தள்ளுங்க, பாக்கலாம்... ம். ஒண்ணுதான் தெரியுது.

ஷரீஃபா: இன்னொண்ணு பாறைக்குள்ள இருக்கறான்.

மொய்தீன்: ஆமாமா. மண்ணுக்குள்ள இருக்கறவனும் 'உள்ள'தான் இருக்கறான்.

ஷரீஃபா: அண்ணா! குடைய உள்ள உடாதீங்க!

மொய்தீன்: பாறைய அசைச்சுப் பாக்கறேன். போன தடவை நான் தும்முனதுக்கே சரிஞ்சுதே.

நூர்தீன்: அசையுதுங்களா?

மொய்தீன்: இரு, இன்னொரு தடவை நெம்பிப் பாக்கறேன்.

ஷரீஃபா: சொல்லுங்கண்ணா. அசையுதா?

மொய்தீன்: அசையல. சிமெண்டு வெச்சியா?

ஷரீஃபா: ஒரு சிட்டிகை இல்ல. கல்லு மேல கல்லு.

மொய்தீன்: கல்லு சரி. மீனு? ஊட்டுல இருக்கற மீனு வெளிய வரமாட்டேங்குதே.

ஷரீஃபா: எறாலைக் கிள்ளிப் போடறேன். அவன் வரலைன்னா... நான் தலையாட்டறேன். போதுமா?

நூர்தீன்: ஷரீஃபா, கொஞ்சம் பொறுத்து... அவன் இப்பத்தான்...

ஷரீஃபா: வருவான். ம்... பட்டைக்காரி சாப்புடறா. இந்தா, இது உனக்கு... வாடா...

மொய்தீன்: வரலை.

ஷரீஃபா: பொறுங்க.

மொய்தீன்: நான் பம்பாய்க்கே திரும்பப் போயி...

நூர்தீன்: மச்சான்! அங்க! வாசல்ல!

மொய்தீன்: எங்க... எங்கடா... அட!

ஷரீஃபா: வந்துட்டான்! வந்துட்டான்! பாருங்க, எங்கையிலிருந்தே வாங்கறான்! ரெண்டு பேரும் ஒண்ணா! அம்மா, ஓடி வாங்க! செயிச்சுட்டேன்!

மொய்தீன்: மெதுவாடி! எல்லைச் செக்போஸ்ட்டு வரைக்குங் கேக்குது.

ஷரீஃபா: கேக்கட்டும்! மச்சான் லாரியில வந்த தண்ணி டிரம்முல சாராயம்னு நெனைச்சு ஒரு வாய் குடிச்சுப் பாத்தாரே அந்த ஆபீசரு, 'எந்தா இது, முழுக்க உப்பு!'ன்னு துப்புனாரே... அவரும் வந்து பாக்கட்டும்!

மொய்தீன்: என்ன நெறம் பாரேன்... தணலு மாதிரி. ஷரீஃபா, நீ சுவத்தைப் பாத்தே உக்காந்திருக்கறயேன்னுதான் தொட்டி கட்ட அந்தத் துண்டுக் கண்ணாடியெல்லாம் எடுத்துக் குடுத்தேன். இப்புடி நீ ஒரு கடலையே கட்டிருவேன்னு நெனைக்கல.

ஷரீஃபா: பந்தயம்?

மொய்தீன்: தோத்துட்டேன். பேச்சு மாற மாட்டேன். உடுமலைக்காரங்களுக்கு இன்னிக்கே ஆள் அனுப்பிச் சொல்லிடறேன். இனிமே உண்டுன்னாலும் இல்லைன்னாலும் நீ சொல்றதுதான். ஊர்ல எவன் என்ன பேசினாலும் நான் பதில் சொல்லிக்கறேன்.

ஷரீஃபா: அண்ணா...

மொய்தீன்: அழுவாத. ஏற்கனவே உப்புத் தண்ணி நெறைய இருக்குது.

நூர்தீன்: அப்ப... நான் வர்றேனுங்க. மாமிகிட்டச் சொல்லிருங்க.

மொய்தீன்: நில்லுடா. எங்க ஓடற? உங்கிட்ட ஒண்ணு கேக்கணும். பொள்ளாச்சியில பஸ்ஸுக்கு நிக்கறப்ப மீன் சந்தைக்காரங்களைப் பாத்தேன். 'நூர்தீன் கருவாட்டு யாவாரத்தை உட்டு வருசமாச்சே, இப்பத் தேங்காய்ல எறங்கிட்டானே'ங்கறாங்க. நெசமா? கருவாடு எடுக்கப் போறப்ப அப்படியே தண்ணியும் கொண்டாறேன்னுதானே நெனைச்சிருந்தேன்.

நூர்தீன்: அது... வந்துங்க...

மொய்தீன்: தேங்காய் இங்க பக்கத்துல பெருமாட்டியிலயே கெடைக்குது. அப்பறம் எதுக்குடா மாசாமாசம் லாரியத் தட்டிட்டு பேப்பூர் கடக்கரைக்குப் போற?

நூர்தீன்: தண்ணிக்கு.

மொய்தீன்: வெறுந் தண்ணிக்கா?

நூர்தீன்: தண்ணிக்குத்தானுங்க.

மொய்தீன்: ஏன்டா, இத்தனை நாளா ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமே! நான் உடுமலை வரைக்கும் போயி அலைஞ்சிருப்பனா?

நூர்தீன்: எப்புடிங்க பொண்ணு கேக்கறது? கேட்டா... தண்ணி கொண்டாந்ததுக்குக் கூலி கேட்ட மாதிரி ஆயிருமில்ல. ஷரீஃபா, நீ தப்பா நெனைச்சுக்காத. உனக்கு வேண்டாம்னா மறந்துரு. தண்ணி எப்பவும் போல வரும்.

ஷரீஃபா: எனக்கு எப்பவோ தெரியும் மச்சான். உங்க லாரி ஒரு நாள் கருவாட்டு வாசமே இல்லாம வாசல்ல வந்து நின்னுச்சே, அன்னிக்கே தெரியும்... கேட்டா எங்க வராம நின்னு போயிருவீங்களோன்னுதான் தெரியாத மாதிரி இருந்தேன். உடுமலைக்கு வேண்டாம்னு சொல்றதுக்கு மட்டுமா இத்தனை பாடுபட்டுப் பந்தயம் கட்டுனேன்? அண்ணா, சட்டைய மாத்திட்டுக் கெளம்புங்க. இவங்க ஊட்டுக்குப் போயி மாப்பிள்ளை கேளுங்க, நான்தான் கேக்கச் சொன்னேன்னு சொல்லுங்க.