ஒற்றைக் காதும் வெற்றுக் கணினியும்

விழாவுக்குத் தலைமையேற்று, நாற்காலி நுனியில் அமர்ந்து, நகம் கடித்துக்கொண்டிருக்கும் கணினி நிறுவன உரிமையாளர் அண்ணன் சின்னராஜ் அவர்களே! முன்வரிசையை முற்றுகையிட்டிருக்கும் முட்டைப் பண்ணை முதலாளிகளே! நரைத்தும் நையாண்டி குறையாத பெரியோர்களே! பந்தி எப்போது என்று பார்வையாலேயே கேட்கும் பாசமிகு தாய்மார்களே! மேடை நடுவே மஞ்சள் பூசி, மல்லிகை சூடி அமர்ந்திருக்கும் வெற்றுக் கணினியே! எல்லோருக்கும் எருமப்பட்டி கோழிப்பண்ணை முருகானந்தத்தின் பணிவான வணக்கம்!

கோழிக்காரனுக்குக் கணினி மேடையில் என்ன வேலை? கேளுங்கள். இந்த நிறுவனத்துப் பொறியாளர் நித்யஸ்ரீ என்னிடம் வந்து, “ஐயா, பச்சை விளக்கு எரியற வரைக்கும் பேசிட்டே இருங்க. எரிஞ்சதும் நிறுத்திக்கங்க” என்றார். இத்தனை வருடமாக மேடையேறுகிறேன். ‘பேச்சை நிறுத்து’ என்று துண்டுச்சீட்டு வந்ததுண்டு. ‘நிறுத்தாதே’ என்று கெஞ்சியவர் இவர் ஒருவர்தான்!

என்னங்க அங்கே? என்ன விளக்கு என்றா கேட்கிறீர்கள்? சொல்கிறேன், சோறு எங்கும் ஓடிவிடாது.

என் பண்ணையில் தீவனம் கலக்கும் இயந்திரம் இவர்கள் எழுதிய நிரலால் ஓடுகிறது. மக்காச்சோளம் எவ்வளவு, புண்ணாக்கு எவ்வளவு, எல்லாம் அது பார்த்துக்கொள்ளும். போன வருடம் ஒருநாள் காலையில் அது அசையாமல் நின்றுவிட்டது. கோழிகள் கத்தின, கொட்டகை அதிர்ந்தது, நான் கத்தினேன், நாமக்கல்லே அதிர்ந்தது! தவறு எங்கே? நிரலில் ஒரே ஒரு வரியில். நான் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் நித்யஸ்ரீ அதைத் திருத்திவிட்டார்.

அப்புறம் என்ன தடை? எழுதிய வரி அப்படியே இயந்திரத்தில் ஏறாதாம். வரிகளையெல்லாம் சேர்த்து, ஓடக்கூடிய ஒன்றாகக் கட்ட வேண்டுமாம். அதற்குப் பெயர் பில்டு. அந்த பில்டு எந்தக் கணினியில் நடக்கும்? இவர் கணினியில் நடந்ததா? இல்லை! அவர் கணினியில் நடந்ததா? இல்லை! நவநீதகிருஷ்ணன் என்கிற நம் மூத்த நிரலாளர் கணினியில் மட்டும்தான் நடக்கும். எல்லோரும் எழுதியதைச் சேர்த்து வைக்க ரெப்போ என்று பொதுக் கிடங்கு ஒன்று உண்டு. ஆனால் கிடங்கில் போடாத ஏதேதோ கோப்புகள் நவநீதகிருஷ்ணன் கணினியில் மட்டும் பல காலமாகக் குடியிருந்தன. அந்தக் கணினிக்கு ஆயுதபூஜையில் தனிப் பொட்டு, தனிப் பொரி! வேறொருவர் விரல் படக்கூடாது. கடவுச்சொல்லும் அவர் மனசுக்குள்ளே.

அன்றைக்கு அவர் எங்கே இருந்தார்? தங்கை சித்ராவின் மூத்த மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் குழந்தை. ஒரு காது குத்தியாகிவிட்டது. மறு காதுக்கு ஆசாரி கையை ஓங்கும்போது போன் அடிக்கிறது! “என் கோழியெல்லாம் போச்சுங்க தம்பி” என்று அலறியவன் அடியேன்தான். மடியில் இருந்த பிள்ளையைப் பக்கத்தில் இருந்தவர் கையில் கொடுத்துவிட்டு ஓடிவந்துவிட்டார் மனிதர். என் கோழிகள் தின்றன. நான் மாலை போட்டேன். ஊரே கைதட்டியது.

கைதட்டாதவர் ஒருவர்தான். “ஐயா, இவரு ஒரு நல்லது கெட்டதுக்குப் போனா உங்க கோழி பட்டினிங்க. இது பெருமைங்களா?” என்று கேட்டார் நித்யஸ்ரீ. சித்ராவோ, “ஒத்தக் காதோட எம்புள்ளைய உட்டுட்டு ஓடுனவரு எனக்கு அண்ணனில்லீங்க” என்று சொல்லிவிட்டு, அன்றிலிருந்து அண்ணனோடு பேசவில்லை. அதோ, இரண்டாவது பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கிறார். பாருங்கள், இப்போதும் அண்ணன் பக்கம் திரும்பவில்லை!

நாளைக்கு அந்தப் பிள்ளைக்குக் காதுகுத்து. நவநீதகிருஷ்ணன் விடுப்புக் கேட்டார். “இந்த மேடையில பச்சை எரிஞ்சா போங்க, இல்லாட்டி ஆபீசுலயே இருங்க” என்றார் அண்ணன் சின்னராஜ். அதனால்தான் அங்கே நகம் குறைகிறது. இங்கே பேச்சு நீள்கிறது.

பழைய கோழியை விற்றபின் நாம் என்ன செய்கிறோம்? கொட்டகையைக் காலி செய்கிறோம்; கழுவுகிறோம்; சுண்ணாம்பு அடிக்கிறோம். ஓர் இறகு மிஞ்சினாலும் பழைய நோய் புதுக்குஞ்சைப் பிடிக்கும். நித்யஸ்ரீ செய்திருப்பதும் அதுதான்! கிடங்கில் யார் ஒரு வரி வைத்தாலும், இந்த வெற்றுக் கணினி தானே விழிக்கும். தன்னைத் தானே துடைத்துக்கொள்ளும். கிடங்கில் இருப்பதை மட்டும் எடுத்து, முதலிலிருந்து கட்டும். கட்டி முடித்தால் பச்சை விளக்கு, ஏதாவது குறைந்தால் சிவப்பு விளக்கு. யார் வீட்டுப் பெட்டியிலிருந்தும் கடன் வாங்காது. யார் கையையும் கேட்காது. யார் மடியையும் கலைக்காது!

என்னம்மா நித்யஸ்ரீ? சிவப்பா? சிவப்பு எரிகிறதா? ஐயோ!

அண்ணன் சின்னராஜ், உட்காருங்கள். என்ன காணோமாம்? தீவன அளவுக் கோப்பு கிடங்கில் இல்லையா? நவநீதகிருஷ்ணன் ஏதோ சொல்கிறார், கேளுங்கள்... “என் கம்ப்யூட்டர்ல ஓடுதுங்க!”

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள்! ஆனால் ஒன்று கேட்கிறேன். இந்தச் சிவப்பு எங்கே எரிந்தது? என் கொட்டகையிலா? இல்லை! பசித்த கோழியின் முன்னாலா? இல்லை! காதுகுத்து வீட்டிலா? இல்லவே இல்லை! ஒரு கோழிகூடப் பட்டினி கிடக்காமல், விளக்கொளியில், விருந்துக்கு முன்னால் எரிந்தது. ஒளிந்திருந்த குறையை ஊரறியக் காட்டிய சிவப்பே, நீ வாழ்க!

தம்பி, அந்தக் கோப்பைக் கிடங்கில் போடுங்கள். போட்டாயிற்றா? யாரும் தொடாதீர்கள். பாருங்கள், தானே விழிக்கிறது... துடைக்கிறது... எடுக்கிறது... கட்டுகிறது... தாய்மார்களே, மூச்சு விடலாம், அது கோபித்துக்கொள்ளாது...

பச்சை! பச்சை! பச்சை!

நான் நிறுத்த வேண்டும். ஆனால் ஒரே ஒரு கேள்வி. சித்ரா கண்ணு, நாளைக்கு மடி யாருடையது?

ஒலிபெருக்கியை அங்கே கொடுங்கள்.

“வரச் சொல்லுங்க. போனை ஊட்டுலயே வெச்சுட்டு வரச் சொல்லுங்க.”

கேட்டீர்களா? அண்ணனைப் பார்த்துச் சொல்கிறார்! நவநீதகிருஷ்ணன், கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் போனை இப்படிக் கொடுங்கள். இதோ, அணைத்து என் சட்டைப்பையில் போட்டுவிட்டேன். போய்ட்டு வா சாமி! ரெண்டு காதும் குத்தி முடியற வரைக்கும் எந்திரிக்காத! என் கோழிகள் சாப்பிட்டுக்கொள்ளும்.

இதுவரை பசி பொறுத்த உங்களுக்கு நன்றி. பந்திக்கு வழிவிட்டு விடைபெறுகிறேன், வணக்கம்!