மாலை போட்ட மிதவை

...இவ்வளவு நேரமும் நன்றி, நன்றின்னு பேசிட்டேன். ஆனா நன்றின்னு சொன்னாலே எனக்கு எந்த ஆளும் ஞாபகத்துக்கு வர்றதில்ல. ஒரு பந்துதான் ஞாபகத்துக்கு வரும். சிரிக்காதீங்க... நடந்த ஒரு சின்ன சங்கதி சொல்றேன், கேட்டுட்டு அப்புறம் சிரிங்க.

நான் மொதமொதல்ல பங்குச் சாமியாரா போனது ஒரு கடற்கரை ஊருக்கு. அங்க ஒரு வழக்கம். மீன்பிடித் தடைக்காலம் முடிஞ்சு மொத நாள் கடலுக்குப் போறப்ப, வலையில மொதல்ல என்ன வருதோ அது அந்தோணியாருக்கு. மீனோ, நண்டோ, நேரா கோயிலுக்கு வந்துரும். அந்த வருசம் கஸ்பார்னு ஒரு மீனவர் வலையில என்ன வந்துச்சு தெரியுமா? ஒரு வெள்ளைப் பந்து. பூசணிக்காய் அளவு. அதுக்குக் கீழ நீளமா ஒரு துணிக்குழாய், பாவாடை மாதிரி தொங்குது. என்னன்னு யாருக்கும் தெரியல. ஆனா வழக்கம் வழக்கம்தானே? கொண்டு வந்து, கோயில் முன்னால குகை மாதிரி கட்டியிருக்குற அந்தோணியார் கெபியில வச்சாச்சு. அதுக்கு மாலையைப் போட்டு, தீர்த்தமும் தெளிச்ச அறிவாளி யாருன்னு கேக்குறீங்களா... நான்தான்.

மூணாம் நாள் ஒரு ஜீப் வந்து நிக்குது. பொற்கொடின்னு ஒரு அம்மா எறங்குனாங்க. கடலை ஆராய்ச்சி பண்ற விஞ்ஞானி. கெபியைப் பாத்தாங்க... அப்படியே தலையில கை வச்சுட்டாங்க.

"பாதர், இது எங்க மிதவை. பதினாறு நாளா கடல்ல அழகா வட்டம் போட்டுக்கிட்டு இருந்துச்சு. திடீர்னு நேர்கோட்டுல கரைக்கு வந்து, உங்க கோயில்ல நின்னுடுச்சு. கம்ப்யூட்டர்ல பாத்துட்டு எனக்கு ஒண்ணுமே புரியல."

கஸ்பாருக்குக் கோபம். "காணாமப் போனதெல்லாம் அந்தோணியார்கிட்டதாம்மா வந்து சேரும்."

"அண்ணே, அது காணாமப் போகல. வேலை பாத்துக்கிட்டு இருந்துச்சு."

என்ன வேலை? அந்தம்மா பொறுமையா சொன்னாங்க. "கடலுக்குள்ள பெரிய பெரிய சுழி இருக்குண்ணே, ஒரு மாவட்டம் அகலத்துக்கு. நீங்க அதுக்கு மேலயே படகுல போனாலும் கண்ணுக்குத் தெரியாது. சாட்டிலைட்ல பாத்தா அந்த எடத்துல தண்ணி ஒரு சாண் மேடாவோ பள்ளமாவோ இருக்கும், அவ்வளவுதான். தண்ணி எப்படிச் சுத்துதுன்னு தெரியணும்னா இந்தப் பந்தை விடணும். கீழ தொங்குற துணி தண்ணியைப் புடிச்சுக்கும். காத்து எந்தப் பக்கம் அடிச்சாலும் பந்து தண்ணியோடதான் போகும். நான் இங்க இருக்கேன், இங்க இருக்கேன்னு எங்களுக்குச் சொல்லிக்கிட்டே இருக்கும்."

கஸ்பார் கேட்டார்: "சும்மா சுத்திச் சுத்தி வர்றதுதான் வேலையா? அதனால யாருக்கு என்ன லாபம்?"

அந்தம்மா "தெரிஞ்சுக்கணும்லண்ணே"ன்னு மட்டும் சொன்னாங்க.

நேர்ச்சையா கொடுத்ததைத் திருப்பி எடுக்க மாட்டேன்னு கஸ்பார் ஒத்தைக் கால்ல நிக்கிறார். நான் சொன்னேன், "கஸ்பார், நீ அந்தோணியாருக்குக் கொடுத்துட்ட. இப்ப அது அவரோடது. அவர் அதைக் கடலுக்குக் கொடுக்குறார்னு வச்சுக்கோ." கஸ்பார் மாலையை மட்டும் கழட்டி கெபியில மாட்டிட்டு, மொணமொணத்துக்கிட்டே போய், பந்தை எடுத்த எடத்துல விட்டுட்டு வந்தார்.

பத்து நாள் போச்சு. கஸ்பாரோட தம்பி மிக்கேல், ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டுக் கடலுக்குப் போனவன் திரும்பி வரல. எஞ்சின் நின்னு போச்சுன்னு வயர்லெஸ்ல சொன்னான். எந்த எடம்னும் சொன்னான். அப்புறம் சத்தமே இல்ல. மேக்க இருந்து காத்து பலமா அடிக்குது. படகைக் கிழக்கதான் தள்ளியிருக்கும்னு எல்லாரும் கிழக்க தேடுறாங்க. ஒரு நாள்... ரெண்டு நாள்... மூணு நாள். மிக்கேல் சம்சாரம் கெபி முன்னால உக்காந்தவங்க எந்திரிக்கவே இல்ல. படகுல குடிதண்ணி எத்தனை நாளைக்கு வரும்? எனக்கு அவங்க மூஞ்சியைப் பாக்கவே தைரியம் இல்ல.

அப்ப கஸ்பார் ஓடி வந்தார். "சாமி, அந்தப் பந்தம்மா நம்பர் இருக்கா?" போன் போட்டுக் கொடுத்தேன்.

"ஏம்மா, உங்க பந்து இப்ப எங்க இருக்கு?"

"நல்லா தெக்க வந்துருச்சுண்ணே. ஏன் கேக்குறீங்க?"

"காத்து கிழக்கத்தானே தள்ளுது?"

"துணி தண்ணியைப் புடிச்சுக்கும்னு சொன்னேனேண்ணே. சுழியோட சுத்தி தெக்க வந்துருக்கு."

கஸ்பார் சொன்னார்: "பந்தை விட்ட பக்கம்தான் என் தம்பி படகு எஞ்சின் நின்னு போச்சும்மா. அவனும் வலையைக் கீழ எறக்கி விட்டிருப்பான். எஞ்சின் நின்னா நாங்க அதைத்தான் செய்வோம், படகு காத்துல ஓடிறக் கூடாதுன்னு. அவன் படகுக்குக் கீழயும் பாவாடை தொங்குதும்மா..."

அந்தம்மா உடனே, எஞ்சின் எந்த எடத்துல நின்னுச்சு, எத்தனை மணிக்கு நின்னுச்சுன்னு கேட்டாங்க. பந்து சுத்தி வந்த பாதையை வச்சுக் கணக்குப் போட்டு, இங்க போய்ப் பாருங்கன்னு ஒரு எடம் சொன்னாங்க. நாலு படகு தெக்க போச்சு. மறுநாள் மத்தியானம் மூணு பேரும் கரையில வந்து எறங்குனாங்க. உதடெல்லாம் வெடிச்சுப் போயி... ஆனா சொந்தக் கால்ல நடந்து வந்தாங்க.

கஸ்பார் கெபிக்கு வந்தார். அந்தப் பழைய மாலை காய்ஞ்சு போய் அங்கயே தொங்குது. அதைப் புடிச்சுக்கிட்டு அழுதார். "சாமி, யாருக்கு என்ன லாபம்னு கேட்டுட்டேனே சாமி..."

அன்பானவங்களே, அந்தக் கேள்வியை நாம யாரைப் பாத்துக் கேக்கல? தினமும் ஒரே வேலையை, ஒரே எடத்துல, சுத்திச் சுத்திச் செய்யிறவங்களைப் பாத்து, இதுல என்ன இருக்குன்னு மனசுக்குள்ள நெனைக்கலையா? நமக்கு எஞ்சின் ஓடுற வரைக்கும் அவங்க கண்ணுல படமாட்டாங்க. எஞ்சின் நிக்கிற அன்னைக்கு, அவங்க சுத்துன சுத்துதான் நம்மளைக் கரை சேக்கும்.

போன ஐப்பசியில, கோயிலுக்குப் பின்னால, பிள்ளைங்களுக்கு வேதம் சொல்லிக் கொடுக்குற நம்ம உபதேசியார் மயங்கிக் கெடந்தாரு. இன்னைக்கு முன் வரிசையில உக்காந்திருக்காரு. அவரை நேரத்துக்குப் பாத்துக் காப்பாத்துனது யாரு? இருபத்திரண்டு வருசமா, ஒரு காலை விடாம, தொடப்பத்தோட இந்தக் கோயிலைச் சுத்தி வர்ற ஒருத்தங்க. அந்தா... கடைசித் தூண் ஓரமா, உக்கார எடம் இல்லாம நிக்கிறாங்க.

எல்லாரும் எந்திரிங்க. சவேரியம்மா... முன்னால வாங்க. இன்னைக்கு நாங்க நிக்கிறோம், நீங்க உக்காருங்க.