காலஞ்சென்ற வல்லிநாயகம் மனைவி

— அந்த ஒரு சொல்ல மட்டும் அடிச்சிருங்க வக்கீலய்யா.

— மொதல்ல ஒக்காரு உலகம்மா. வந்ததுலேருந்து நின்னுக்கிட்டே பேசுதே. எந்தச் சொல்லு?

— பிராதுல 'காலஞ்சென்ற வல்லிநாயகம் மனைவி'ன்னு எழுதியிருக்கீங்கள்லா. அந்தக் 'காலஞ்சென்ற'.

— அத அடிச்சா பிராதே இல்ல, கேட்டியா. கொல்லத்துக்கு வேலைக்குப் போன ஒம் புருசன் திரும்பல. ஏழு வருசம் தகவல் இல்லன்னா செத்ததாத்தான் சட்டம் எடுத்துக்கிடும். புதுச் சட்டத்துல பொம்பளைக்கும் முழுப் பாத்தியத உண்டு. அவன் பங்கு வயலக் கொழுந்தன் ஒனக்குப் பிரிச்சுத் தரணும். இதான கேஸு?

— தெரியும்யா.

— நாளைக்குத் தென்காசி கோர்ட்ல ஒன் சாட்சி. ஜெயிக்கப்போற நேரத்துல என்ன இது? கொழுந்தன் மெரட்டினானா?

— அவன் ஒண்ணும் சொல்லல. நேத்துக் குத்தாலத்துல பாத்தேன்யா.

— யார?

— எங்க வீட்டுக்காரவியளத்தான். ஐந்தருவியில தலை தொவட்டிக்கிட்டு நின்னாவ. கூட ஒரு பொம்பள, ரெண்டு பிள்ளைய. மலையாளத்துல பேசிக்கிட்டிருந்துதுவ.

— சாரல் கூட்டத்துல வேற யாரையாவது பாத்திருப்பே.

— பொங்கிப் போட்டவளுக்கு ஆளு தெரியாதாய்யா?

— சரி, நீ சொன்னது என் காதுல விழல, கேட்டியா. நாளைக்குக் கூண்டுல நீயும் இதப்பத்தி வாயத் தொறக்காத.

— கூண்டுல ஏறி, செத்துப்போனாவன்னு எப்படிச் சொல்லுவேன்? நாக்கு வருமா? ராத்திரி பூரா ஒறக்கம் இல்ல. மொத பஸ்ஸுக்கு ஓடியாந்துட்டேன்.

— உசுரோட இருக்கான்னு திருத்தினா வயலு கைய விட்டுப் போயிரும் தாயி. காலம் பூரா பீடி சுத்தியே கெடப்பியா?

— இப்பவும் அதத்தான செய்யுதேன்.

— அவன் ஒன்னப் பாத்தானா?

— பாத்தாவ. அந்தப் பொம்பள பிள்ளையளக் குளிப்பாட்டும்போது தனியா வந்து கையெடுத்துக் கும்பிட்டாவ. 'கேஸு நடக்குது தெரியும். நான் செத்தவனாவே இருந்துக்கிடுதேன். வயல நீ வச்சுக்கோ, என்னத் தேடாத'ன்னாவ.

— அப்புறம் என்னம்மா? அவனே விட்டுக்குடுத்துட்டானே!

— அதுக்குத்தான்யா ஓடியாந்தேன். வயலு எனக்கு வேண்டாம். அவியளையும் பிரதிவாதியாச் சேத்து எழுதுங்க. கூண்டுல ஏறி, என்னைய எதுக்கு விட்டுட்டுப் போனோம்னு அவிய வாயால சொல்லட்டும்.