வாசல் விளக்கு

— உண்மையைச் சொன்னா உனக்குக் கோவம் வரும். அந்த வயர் கருகினதே உன் கரண்ட் காரைச் சொருகிச் சொருகித்தான்.

— மாமா சொன்னதை அப்படியே ஒப்பிக்காதேக்கா.

— அவர் சொன்னதுல என்ன தப்பு? கரண்ட் ஆபீஸ்ல வேலை பாக்குற மனுஷன். நம்ம வீட்டுக்கு வர்ற வயர் ஒரு ஃப்ரிட்ஜுக்கும் என் தையல் மெஷினுக்கும் போட்டது. நீ தினம் ஆபீஸ் விட்டு நேரா இங்க வந்து காரைச் சொருகிட்டுப் போனா அது தாங்குமா?

— என் ஃப்ளாட்டுல பிளக் வைக்க விட மாட்டேங்கறாங்க. நான் எங்கதான் போவேன்? பெட்ரோல் போட்டுக் கட்டுப்படியாகலைன்னுதானே இதை வாங்கினேன்.

— வாங்குறதுக்கு முன்னாடி எங்க சொருகுறதுன்னு யோசிச்சியா?

— அக்கா வீடு இருக்குன்னு யோசிச்சேன்.

— இருக்கு. இப்ப இருட்டுல இருக்கு.

— பாரேன், தெருவுல என் வண்டி ஒண்ணுதானா? எதிர்வீட்டு டாக்டர் வாங்கலை? முக்கு வீட்டுக்காரர் வாங்கலை?

— அதைத்தான் அவரும் புலம்புறார். சாயங்காலமானா எல்லாரும் வீட்டுக்கு வந்து ஒரே நேரத்துல சொருகுறீங்க. மாடியில துணி எடுக்கப் போனா அந்த டிரான்ஸ்ஃபார்மர் முனகுறது கேக்குது.

— எல்லாம் போகப் போகச் சரியாயிடும். புது டிரான்ஸ்ஃபார்மர் வைப்பாங்க.

— எப்ப? அது வர்றதுக்குள்ள உன் வண்டி வந்துடுச்சே. அன்னிக்கு என்னை ஏத்திட்டுப் போனியே, பாதி வழியில சார்ஜ் பத்தாதுன்னு ஏசியை அணைச்சே, பாட்டை அணைச்சே. அடுத்தது என்னை மூச்சு விடாதேன்னு சொல்லுவியோன்னு உக்காந்திருந்தேன்.

— அது ஒரு தடவை.

— அந்த ஒரு தடவை போதும். போன் அடிக்குது பாரு, அவராத்தான் இருக்கும். ஸ்பீக்கர்ல போடு, என் கையில ஊசி இருக்கு.

— ஏம்மா, கேக்குதா?

— கேக்குதுங்க. முடிஞ்சுதா?

— எங்க முடியறது. நம்ம வீட்டு வயரைக் கம்பத்துலேருந்து கழட்டிட்டேன். நுனியெல்லாம் கரியாப் போயிருக்கு. வெட்டிச் சீவிட்டு மறுபடி மாட்டணும். கட்டர் எடுக்கத்தான் இறங்கினேன், திரும்ப ஏறப் போறேன்.

— மழை விட்டப்புறம் ஏறுங்களேன்.

— மழை விடறதுக்குள்ள நல்லா இருட்டிடும். பயப்படாதே, தெருவுக்கே ஃப்யூஸைப் பிடுங்கியாச்சு. ஃபோர்மேன் அண்ணன் அதைத் தன் பையில போட்டுக்கிட்டுக் கம்பத்தடியிலேயே நிக்கிறார்.

— கையுறை போட்டிருக்கீங்கல்ல?

— நனைஞ்சு வழுக்குதும்மா. அதைப் போட்டுக்கிட்டு வயரைச் சீவ முடியாது. லைன்தான் செத்துக் கிடக்கே.

— இப்படிப் பேசாதீங்க. எனக்குப் பிடிக்கலை.

— சரி, பேசலை. வீட்டுல மெயின் ஸ்விட்சை அணைச்சிடாதே, கேட்டியா. வாசல் லைட் ஸ்விட்சும் போட்டபடியே இருக்கட்டும். மேலேருந்து பாத்தா நம்ம வாசல் தெரியும். அது எரிஞ்சுதுன்னா எல்லாம் சரியாயிடுச்சுன்னு அர்த்தம்.

— தெரியும், தெரியும். எப்பவும் சொல்றதுதானே.

— மாப்ளே பக்கத்துலதான் இருக்காரா?

— இருக்கேன் மாமா.

— உங்க அட்டைப்பூச்சி எப்படி இருக்கு?

— என்ன பூச்சி?

— வாசல்ல நிக்குதே, எங்க வீட்டுக் கரண்டை உறிஞ்சிட்டு. ஃபோர்மேன் அண்ணன் விழுந்து விழுந்து சிரிக்கிறார் பாருங்க.

— சிரிங்க மாமா. நல்லாச் சிரிங்க.

— சும்மா சொன்னேன் மாப்ளே. மனசுல வச்சுக்காதீங்க. இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க. நான் போனை அண்ணன்கிட்ட கொடுத்துட்டு ஏறறேன்.

— பாத்து ஏறுங்க.

— வச்சுட்டார்க்கா. அந்த ஃபோர்மேன் சிரிச்சதைக் கேட்டியா? நாளைக்கு அவங்க ஆபீஸ் பூரா எனக்கு இதான் பேரு.

— அவர் கேலி பண்ணாத ஆளே கிடையாது. என்னைக் கூடத்தான் பண்றார். என் கவலை எனக்கு. காலையில பள்ளிக்கூடத்துக்கு யூனிஃபார்ம் கொடுத்தாகணும். கையால தைச்சா எப்ப முடிக்கிறது?

— கையால எதுக்குத் தைக்கணும்? மெஷின்ல தை. இப்பவே.

— கரண்டு?

— என் வண்டி தரும். அதுலேருந்து கரண்டை வெளியே எடுக்க ஒரு பிளக் இருக்கு.

— நிஜமாவா? அப்ப மெஷினுக்கு ஒரு வயர் இழுத்துக் கொடேன்.

— பின் ரூம் வரைக்கும் எட்டாது. மெஷினைத் தூக்கிட்டு வர்றதும் ஆகாத காரியம். ஆனா இந்த வயரைப் பாரேன், ரெண்டு முனையிலயும் சொருகுற பின். ஒண்ணு வண்டியில, ஒண்ணு நம்ம வாசல் பிளக்குல. தினமும் வீட்டுலேருந்து வண்டிக்கு ஏறுது. இன்னிக்கு வண்டியிலேருந்து வீட்டுக்கு இறங்கும். மொத்த வீடும் எரியும்.

— ரெண்டு பக்கமும் பின்னா? இப்படிக்கூட கடையில விக்கிறாங்களா?

— விக்கலை. செஞ்சு தரச் சொல்லிக் கேட்டேன், கடைக்காரர் முடியாதுன்னுட்டார். நானே செஞ்சேன்.

— அவர் ஏன் முடியாதுன்னார்?

— அவருக்கு இதெல்லாம் பழக்கமில்லை. அவ்வளவுதான்.

— உன் மாமாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்வோம்டா.

— கேட்டா மறுபடியும் சிரிப்பார். அதுவும் மேல ஏறியிருப்பார், போன் அண்ணன்கிட்ட இருக்கு. நீ பேசாம இரு. அவர் இறங்கி வரும்போது வீடு ஜெகஜோதியா இருக்கணும். அட்டைப்பூச்சி குடிச்சதைத் திருப்பிக் கொடுக்குதுன்னு கண்ணால பாக்கட்டும்.

— மெயினையாவது அணைச்சிடட்டுமா?

— அவர்தானேக்கா அணைக்காதேன்னார்.

— ஆமா. சொன்னார்.

— அப்புறம் என்ன? குடையைக் கொடு. ஒரு நிமிஷம்.

— மழையில நனைஞ்ச கையோட தொடாதே. துடைச்சுட்டுத் தொடு.

— துடைச்சுட்டேன். இப்பப் பாரு.

— அடேய், எரியுதுடா. ஃபேன் கூட சுத்துது.

— வாசல் லைட்டைப் பாரு. எப்படிப் பளிச்னு இருக்கு.

— தெருவே இருண்டு கிடக்கு, நம்ம வீடு மட்டும் எரியுது. ஒரு மாதிரியா இருக்குடா.

— ஒரு மாதிரியும் இல்லை. போய்த் தை.

— இப்ப ஏன் லைட்டு ஒரு தடவை மங்கிச்சு?

— நீ மெஷினை மிதிச்சிருப்பே.

— நான் இன்னும் உக்காரவே இல்லையே.

— அப்ப ஃப்ரிட்ஜா இருக்கும். எதுக்கெடுத்தாலும் பயம் உனக்கு. இந்தா, மாமா போன் வருது. பாத்துட்டார்னு நினைக்கிறேன். என்ன சொல்றார்னு கேப்போம்.

— என்னங்க, முடிஞ்சுதா? சீக்கிரம் வாங்க, உங்களுக்கு ஒரு வேடிக்கை காட்டணும்.

— நான்தாம்மா, ஃபோர்மேன் பேசறேன்.

— அண்ணே. அவர் எங்க?

— மேலதான் இருக்கார். கம்பத்தோட கட்டின பெல்ட்டுல சாஞ்சாப்ல இருக்கார். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்துட்டேன், திரும்ப மாட்டேங்கறார். கையிலிருந்த கட்டர் கீழ விழுந்து கிடக்கு.

— என்ன சொல்றீங்க அண்ணே?

— பதறாதேம்மா. தலை சுத்தியிருக்கும். கரண்டா இருக்க வழியே இல்லை, ஃப்யூஸ் என் பையில இருக்கு. அவர் பிடிச்சிருக்கிறது உங்க வீட்டு வயர், அது அந்தரத்துல தொங்குது, அதுல கரண்டு வரணும்னா உங்க வீட்டுப் பக்கமிருந்துதான் வரணும். நான் ஏறிப் பிடிச்சு இறக்கப் போறேன். ஏறுறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு சொல்லும்மா, எனக்கு இங்கேருந்து தெரியலை. உங்க வாசல் லைட்டு எரியலைதானே?