லப்தாவின் கடலோரச் சுவர்

மப்ரூக்கா: இன்னும் எவ்வளவு தூரம், மீலாத்?

மீலாத்: அந்த வளைவைத் தாண்டினா கடல் தெரியும். அங்கேதான்... திரும்பிடலாமா அண்ணி? வெயில் ஏறுது.

மப்ரூக்கா: ஆறு வருஷமா நீ சொல்றது இதேதான். ஒரு வருஷம் வெயில், ஒரு வருஷம் மழை.

மீலாத்: பார்த்துக் கால் வைங்க. ரோமாக்காரங்க போட்ட கல்லு, வழுக்கும்.

மப்ரூக்கா: எனக்கென்ன புதுசா? கல்யாணமான வாரமே உங்கண்ணன் இங்கே கூட்டிட்டு வந்தார். அந்த இடிஞ்ச கல் அரங்கத்துல என்னை மேல்படியில உட்கார வெச்சுட்டு, கீழே நின்னு பாடினார்.

மீலாத்: ஃபரஜ் அண்ணனா? பாட்டா?

மப்ரூக்கா: கழுதை கனைச்ச மாதிரி. ஒரு சொல் விடாம மேலே கேட்டுச்சு.

மீலாத்: ஹஹ... கழுதையா!

மப்ரூக்கா: அப்பாடா, சிரிச்சுட்டே. ...இந்தச் சுவரா?

மீலாத்: இதுதான்.

மப்ரூக்கா: உங்கண்ணன் எப்படி விழுந்தார்?

மீலாத்: எத்தனை தடவை சொல்றது அண்ணி... நான் இந்த லப்தா இடிபாட்டுக்குக் காவல் இருந்தேன். எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தார். ஒரே புழுதிக்காத்து. சிலை திருட வந்த வெளியூர்க்காரங்க சுட்டுட்டாங்க.

மப்ரூக்கா: ம். நாளைக்கு இங்கே பேர்க்கல் நடுறாங்க. 'லப்தாவைக் காத்து உயிர்விட்ட ஃபரஜ்'னு. திரையை விலக்கப் போறது எம்பொண்ணு ஹனான்தான். புது உடுப்பைத் தேய்ச்சு மாட்டி வெச்சிருக்கா.

மீலாத்: அந்தக் கல்லு வேண்டாம், அண்ணி.

மப்ரூக்கா: ஏன்?

மீலாத்: வேண்டாம்னா விடுங்களேன்...

மப்ரூக்கா: மீலாத். என் முகத்தைப் பார்.

மீலாத்: வெளியூர்க்காரங்க யாரும் வரல.

மப்ரூக்கா: அப்போ சுட்டது யாரு?

மீலாத்: பட்டப்பகல்தான், ஆனா பத்தடி தள்ளி எதுவும் தெரியல. சுவர்மேல ஒரு ஆள், தோள்ல சாக்கு. நில்லுன்னு கத்தினேன். அந்தக் காத்துல அவருக்குக் கேட்டிருக்காது...

மப்ரூக்கா: சொல்லு.

மீலாத்: நான்தான் சுட்டேன். ஓடிப்போய்ப் புரட்டினா... அண்ணன்.

மப்ரூக்கா: சாக்குல?

மீலாத்: சாக்குக்குள்ள ஒரு பளிங்குத் தலை. மூக்கு உடைஞ்ச சின்னத் தலை. எங்கண்ணனை ஊர் திருடன்னு சொல்லக் கூடாது. அதனால தலையை எடுத்து இங்கே இருக்கற இடிஞ்ச ரோமாக் கோயில் மேடையில வெச்சேன். பொய் சொன்னேன். உங்களுக்கும், ஹனானுக்கும். நீங்க என்னை என்ன வேணும்னாலும் செய்யுங்க.

மப்ரூக்கா: சுவர்மேல இருந்தப்ப, அவர் முகம் எந்தப் பக்கம் இருந்துச்சு?

மீலாத்: முகமா...? உள்பக்கம். உள்ளே குதிக்கப் போற மாதிரி... ஏன் கேக்கறீங்க?

மப்ரூக்கா: அவர் இங்கேருந்து எடுத்துட்டு வந்த அந்தத் தலை பத்து நாளா என் மாவுப் பானையோட அடியில கிடந்துச்சு. நான் கண்டுபிடிச்சதே அவர் செத்த அன்னிக்குக் காலையிலதான். இருந்த இடத்துலயே வெச்சுட்டு வாங்க, இல்லேன்னா இந்த வாசல்ல கால் வைக்காதீங்கன்னு துரத்தினேன். காத்து அடங்கட்டும்னு கெஞ்சினார். நான் கேக்கல, தம்பி. இதை உன்கிட்ட சொல்லத்தான் வருஷா வருஷம் என்னை இங்கே கூட்டிட்டு வான்னு கேட்டுட்டிருந்தேன்.